கேரஸ்மா கொடுத்த வெள்ளிக்கிழமை

கிரேக்க மொழியில் எனக்கு வழி கேட்கத் தெரியாது. தலையிடிக்கு மருந்து கேட்கத் தெரியாது. பஸ்ஸில் ஒருவருடைய காலை மிதித்துவிட்டால் மன்னிப்புக் கேட்கவும் தெரியாது. ஆனால் கலியாண வீட்டில் என்ன சொல்ல வேண்டும், பிள்ளை பிறந்தால் என்ன சொல்ல வேண்டும், புதுச் சப்பாத்து வாங்கினவருக்கு என்ன, தலைமயிர் வெட்டிக்கொண்டு வந்தவருக்கு என்ன என்று கேளுங்கள். நல்ல நித்திரையில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் பிழையில்லாமல் சொல்வேன். தலைமயிர் வெட்டினவருக்கு வாழ்த்துச் சொல்கிற சனத்தை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

தொண்ணூறுகளில் டான்ஃபோர்த் வீதியில் ஒரு கிரேக்க மண்டபத்தின் குசினியில் வேலை செய்ததால் வந்த வினை அது. ஸ்காபரோவில் இருந்து பஸ் எடுத்து, கென்னடியில் சப்வே மாறி, பேப் ஸ்டேஷனில் இறங்கி நடப்பேன். கலியாணம், ஞானஸ்நானம், பெயர்நாள் என்று ஒரு கிழமை விடாமல் அங்கே கொண்டாட்டம்தான். நான் திராட்சை இலைக்குள் சோறு வைத்துச் சுருட்டுவேன், கீரை வைத்துச் சுடுகிற பலகாரத்துக்கு மா விரிப்பேன், பெரிய தட்டுகளில் ஆட்டிறைச்சி அடுக்குவேன். மண்டபத்தை நடத்தியது ஒரு விதவை அம்மா. எல்லோரும் அவரை மரியாதையாகக் கிரீயா என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். மனதுக்குள் மட்டும் அவர் எனக்கு முதலாளியம்மா. எப்போதும் கறுப்புச் சட்டை, கறுப்புக் காலுறை. வாய் ஓயாது. குசினியில் நிற்கிறவள் கிரேக்கம் பேசாவிட்டாலும் பரவாயில்லை, வாழ்த்துச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். சாப்பாடு கொண்டுபோய் வைக்கிறவள் வாயை மூடிக்கொண்டு வைத்தால் அந்தச் சாப்பாடு தொண்டைக்குள் இறங்காதாம்.

நான் தொண்ணூற்றிரண்டில் வயிற்றில் பிள்ளையோடு தனியே வந்தவள். இரண்டு பேரையும் ஒன்றாக அனுப்ப எங்களிடம் வசதி இருக்கவில்லை. பிள்ளைத்தாச்சி முதலில் போகட்டும், நான் பின்னால் வருகிறேன் என்று சொல்லி என் மனிசன் என்னைக் கொழும்பில் ஏற்றிவிட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினார். அதோடு சண்டையில் பாதை பூட்டுப்பட்டது. பிறகு யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது அவரும் சனத்தோடு சனமாக வன்னிக்குப் போனார். மகள் இங்கே பிறந்தாள். அவளுடைய படங்களை அவர் கண்டிருக்கிறார், அவளைக் காணவில்லை. அந்த வருடங்களில் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அவர் வந்து சேர வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு என்று எல்லாவற்றையும் தள்ளித் தள்ளி வைத்தேன். நல்ல சேலை உடுப்பதைக்கூட.

குசினிக்கு இந்தக் கதை தெரியும். முதலாளியம்மாவுக்குத் தெரிந்தால் டான்ஃபோர்த் முழுக்கத் தெரிந்த மாதிரித்தான். அவர்களுடைய பெரிய நாட்களில், சாப்பிட்டு முடிந்து பிரியும்போது, ‘கெ து ஹ்ரோனு’ என்று ஒருவருக்கொருவர் சொல்வார்கள். அடுத்த வருடமும் இப்படியே இருப்போம் என்று அர்த்தம். முதல் தரம் எனக்கு அதைச் சொன்னபோது எனக்கு வந்ததே ஒரு கோபம். அடுத்த வருடமும் நான் இப்படியே தனியாக நின்று இலை சுருட்ட வேண்டுமா, உங்களுக்கு என்ன விசரா என்று தமிழில் முணுமுணுத்தேன். முகத்தைப் பார்த்தே அவர்களுக்கு விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு எனக்குச் சொல்லும்போது மட்டும் கடைசியில் ‘இரண்டு பேராக’ என்று சேர்த்துச் சொன்னார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, கொண்டாட்டத்துக்கு அவர்களிடம் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. சாப்பாட்டு மேசைக்கு ‘த்ரபேஸி’ என்று பெயர், ஒருவரைக் கூப்பிட்டு விருந்து வைத்தாலும் அதே த்ரபேஸிதான். ஆட்டமும் பாட்டுமாக விடிய விடிய நடந்தால் அது ‘க்ளெண்டி’. அதற்கு மனது பொங்கிவர வேண்டும், அந்தப் பொங்குதலுக்கு ‘கேஃபி’ என்று தனிப் பெயர். கேஃபி இல்லாத க்ளெண்டி வெறும் சத்தம் என்பார் முதலாளியம்மா. விருந்தினருக்கும் அந்நியருக்கும் ஒரே சொல், ‘க்ஸேனொஸ்’. அதை அறிந்தபோது எனக்குப் பெரிதாகப் பிடிக்கவில்லை. ஏர்போர்ட்டில் நான் எப்படிப்பட்ட விருந்தினராக நடத்தப்பட்டேன் என்பது எனக்கல்லவா தெரியும்.

பெயர்நாள் என்று ஒன்று இருக்கிறது. தங்கள் பெயர் கொண்ட புனிதருடைய நாளில் வீட்டுக் கதவைத் திறந்து வைத்துவிட்டு இருப்பார்கள், யாரையும் கூப்பிட மாட்டார்கள். தெரிந்த சனம் தானாக வரும், ‘ஹ்ரோனியா பொலா’, பல்லாண்டு இரு என்று சொல்லும், சாப்பிடும், போகும். எங்களுடைய ஆட்கள் ஒரு பூப்புனித நீராட்டு விழாவுக்கு நேரில் வந்து கார்ட் தரவில்லை என்று பத்து வருடம் கதைக்காமல் இருப்பார்கள். கூப்பிடாமல் போகிற இடம் எங்களுக்குச் செத்த வீடு ஒன்றுதான். அதை என் அரைகுறை இங்கிலீஷில் முதலாளியம்மாவுக்குச் சொன்னேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டு, அப்படியென்றால் உங்களுடைய சந்தோசத்துக்குக் கதவில் பூட்டு இருக்கிறது என்றார். அன்று முழுக்க எனக்கு அவரோடு கோபம்.

ஆனால் எனக்கு ஆசையாக இருந்த சொல் ‘கேரஸ்மா’. சந்தோசம் கண்டவர் மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டும், அதுதான் கேரஸ்மா. நாங்களும் கற்கண்டும் கேக்கும் கொடுக்கிறவர்கள்தானே, இதில் என்ன புதினம் என்று கேட்கலாம். அவர்கள் இதைக் கேட்டு வாங்குவார்கள். சின்ன விஷயம் என்றாலும் விட மாட்டார்கள். பாத்திரம் கழுவுகிற பெடியன் கார் லைசன்ஸ் எடுத்த அன்று ஒரு பெட்டி பலகாரம் வாங்கி வந்துதான் தப்பினான். இறைச்சி வாட்டுகிற கிழவருக்குப் பேரப்பிள்ளை பிறந்தபோது குசினியில் நின்ற எல்லோருக்கும் சின்னக் கிளாஸில் அவர் ஊற்றிக் கொடுத்தார். நான் மட்டும் வந்த நாளில் இருந்து எல்லோரிடமும் வாங்கிச் சாப்பிட்டதோடு சரி. நீ எப்போது தரப்போகிறாய் என்று கிழவர் கேட்பார். அவர் வரட்டும், இந்த மண்டபத்திலேயே தருகிறேன் என்பேன். முதலாளியம்மா உடனே, அவன் வந்தால் கேரஸ்மா என்ன கேரஸ்மா, க்ளெண்டி வைப்போம், மண்டபம் என்னுடையது, உன் ஆட்கள் எல்லோரும் வரட்டும் என்பார். சனிக்கிழமைகளில் என்னோடு மண்டபத்துக்கு வருகிற மகளுக்கும் இது மனப்பாடம். அப்பா வந்தால் இங்கே எல்லாரும் வருவினம், சாப்பாடு இருக்கும் என்று பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கெல்லாம் அவள் சொல்லிக்கொண்டு வருவாள்.

அது ஒரு புதன்கிழமை. லோயருடைய ஒஃபிஸில் இருந்து ஃபோன் வந்தது. ஸ்பொன்சர் சரிவந்துவிட்டது, கொழும்பில் இன்ரர்வியூவுக்கு அவரைக் கூப்பிடப் போகிறார்கள், ஆளை வன்னியில் இருந்து வெளியே எடுக்கிற வழியைப் பாருங்கள் என்றார்கள். ஃபோனை வைத்துவிட்டு நான் செய்த முதல் வேலை, மகளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றியது. இரண்டாவது வேலை, வவுனியாவில் இருந்த அவருடைய ஒன்றுவிட்ட தம்பிக்கு எடுத்து, வன்னியை விட்டு வெளியே வருகிற பாஸுக்கு எழுதச் சொல்லி எப்படியாவது ஆள் மூலம் அறிவிக்கச் சொன்னது. அடுத்தநாள் இரவிரவாகக் கேசரி கிண்டினேன். ரோல்ஸ் சுற்றினேன். முந்திரிகைப் பருப்பை ஒரு பஞ்சமும் பார்க்காமல் அள்ளிப் போட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் கோயிலுக்குப் போய் ஒரு அர்ச்சனை செய்துவிட்டு, நெற்றியில் பெரிய குங்குமத்தோடு, இரண்டு கைகளிலும் பாரத்தோடு சப்வேயில் போனேன். அன்றைக்குத்தான் அந்த நல்ல சேலையையும் எடுத்து உடுத்தேன்.

குசினியே எழும்பி நின்றது. இது எங்கள் ஹல்வா அல்லவா என்று முதலாளியம்மா கேசரியை மூன்று தரம் வாங்கினார். இறைச்சிக் கிழவர் ரோல்ஸைக் கடித்து, உறைப்பில் கண்ணீர் வழிய வழிய இன்னொன்று கேட்டார். எல்லோரும் ‘நா ஸு ஸீஸி’ என்றார்கள். அவன் உனக்காக வாழட்டும் என்று அர்த்தம். மகளை முதல் தரம் மண்டபத்துக்குக் கூட்டிப் போனபோதும் அதையேதான் சொன்னார்கள். கிழவர் பானையைத் தட்டினார். என் கையைப் பிடித்து இழுத்து வட்டமாக ஆடினார்கள். அடுப்புக்கும் கழுவுதொட்டிக்கும் நடுவில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் ஆடினேன். என் வயதில் நான் ஆடினது அந்த ஒரு தரம்தான். கேஃபி என்றால் என்ன என்று அன்றைக்கு விளங்கியது.

இரண்டு கிழமை கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வவுனியாத் தம்பி ஃபோன் எடுத்தார். பாஸ் கிடைத்துவிட்டதா என்று நான்தான் முதலில் கேட்டேன். “அண்ணை போட்டார் அண்ணி” என்றார். எங்கே போனார் என்று கேட்டேன், சத்தியமாக அப்படித்தான் கேட்டேன். மலேரியாவாம். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டதாம். மருந்து இல்லையாம். கூட இருந்தவர்கள் அங்கேயே தகனம் செய்துவிட்டார்களாம். சனம் வெளியே வர முடியாததால் செய்தி வந்துசேர மூன்று கிழமைக்கு மேல் ஆகிவிட்டது. எந்த நாள் என்று கேட்டேன். அவர் திகதியைச் சொன்னார். ஃபோனுக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடைக் கலண்டர் தொங்கியது. நான் கேரஸ்மா கொடுத்த வெள்ளிக்கு முந்தின கிழமை அது.

அவர் எரிந்து சாம்பலான பிறகு நான் கேசரி கிண்டியிருக்கிறேன். குங்குமம் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போயிருக்கிறேன். ஆடியிருக்கிறேன். அவன் உனக்காக வாழட்டும் என்று பத்துப் பன்னிரண்டு பேர் சொல்ல, சிரித்துக்கொண்டு நன்றி சொல்லியிருக்கிறேன். இதை எந்தக் கடவுளிடம் போய்ச் சண்டை பிடிக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அர்ச்சனைத் தட்டை வாங்கும்போதாவது ஒரு சொல் சொல்லியிருக்கலாமே.

பின்னேரத்துக்குள் சனம் வந்துவிட்டது. யாரும் கூப்பிடவில்லை. எலிவேற்றர் வாசல் வரைக்கும் சப்பாத்துகள். கீழ்த்தட்டில் இருந்த அன்ரிதான், நான் வேலைக்குப் போகும்போது மகளைப் பார்த்துக்கொள்கிறவர், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினார். எங்கள் அடுப்பை மூட்டவிடவில்லை. ஊற்றிக்கொண்டே, சாவுத் தீட்டான துடக்கு செய்தி அறிந்த நாளில் இருந்தா, செத்த நாளில் இருந்தா என்று இன்னொருவரோடு நியாயம் பிளந்தார். பிறகு என்னிடம் வந்து இருந்து, தாழ்ந்த குரலில், “துடக்கோட கோயிலுக்கும் போய், சனத்துக்குப் பலகாரமும் குடுத்திருக்கிறாய் பிள்ளை. அறியாமல் செய்தது, ஆனாலும் ஐயரிட்ட ஒருக்கா கேக்கவேணும்” என்றார். எனக்குத் தலையில் ஏறிவிட்டது. கேளுங்கோ, நல்லாக் கேளுங்கோ, நான் ஆடினதையும் சேர்த்துக் கேளுங்கோ என்று கத்தினேன். அன்ரி என் தலையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். அன்றைக்கு அவரும் என்னோடு அழுதார், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

திங்கட்கிழமை முதலாளியம்மா வந்தார். அவருடைய உடுப்பு எப்போதும் செத்த வீட்டு உடுப்புத்தான், மாற்ற வேண்டியிருக்கவில்லை. குசினி ஆட்களும் பின்னால் வந்தார்கள். கிழவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார். முதலாளியம்மா என் இரண்டு கன்னத்தையும் பிடித்து, ‘ஸோயீ ஸெ ஸாஸ்’ என்றார். உங்களுக்கு வாழ்வு உண்டாகட்டும். செத்த வீட்டில் மிஞ்சினவர்களுக்குச் சொல்கிற சொல் அதுதானாம். யாருக்கு வேணும் அது என்று நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். அவர் மறுபடியும் பிடித்துக்கொண்டார்.

அந்தச் சொற்களை அடுக்கிப் பார்த்தால் தெரியும். கலியாணத்துக்கு வாழுங்கள், பிள்ளைக்கு வாழட்டும், பெயர்நாளுக்குப் பல்லாண்டு, செத்த வீட்டுக்கும் வாழ்வு. சந்தோசமாக இரு, பணக்காரனாக இரு என்று அவர்கள் கேட்பது குறைவு. உயிரோடு இருந்தால் காணும், அதுவே போதும் என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். எத்தனை பேர் எனக்காக எத்தனை வருடம் கேட்டார்கள். ஒன்றுகூட வன்னிக்குப் போய்ச் சேரவில்லையே.

செய்தி பிந்தி வந்ததால் அடுத்த கிழமையே முப்பத்தோராம் நாள் காரியம் வந்துவிட்டது. அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு இடம் தேடினார்கள். முதலாளியம்மா, வேறு எங்கே தேடுகிறீர்கள், அவனுக்கு என்று நான் சொல்லி வைத்த மண்டபம் இருக்கிறது என்றார். தங்களிலும் செத்தவருக்காக ஒரு மேசை போடுவார்களாம், அதற்கு ‘மகரீயா’ என்று பெயராம், மீன் வைப்பார்களாம். அந்தப் பெயருக்குள் பாக்கியம் பெற்றவர் என்ற கருத்து இருக்கிறதாம். மருந்தில்லாமல் செத்தவர் பாக்கியசாலியாம், கோதாரி. ஆனால் மண்டபத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒருநாளும் வராத ஒரு மனிசனுக்குச் சொல்லிவைத்த இடம் அது. அது ஒன்றாவது அவருக்குக் கிடைக்கட்டும் என்று நினைத்தேன்.

ஆட்டிறைச்சி வெந்த சட்டியில் படையல் சமைக்க அன்ரி ஒருக்காலும் சம்மதிக்கவில்லை. கோயில் கிடாரங்களை வான் ஒன்றில் ஏற்றிக்கொண்டு வந்து, குசினியை ஒருக்காக் கழுவி, மஞ்சள் தண்ணி தெளித்த பிறகுதான் அடுப்பை மூட்டினார். முதலாளியம்மா அன்ரிக்குப் பக்கத்தில் நின்று கத்தரிக்காய் வெட்டினார். கிழவர் இறைச்சியைத் தொடாமல் ஒரு நாள் இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். அஜின்கோர்ட்டில் ஒரு கடையில் இருந்து வாழையிலை வந்தது. சடங்கு காலையில் முடிந்திருந்தது. மண்டபத்தின் முன்மேசையில், மாப்பிள்ளை பெண்ணை இருத்துகிற இடத்தில், அவருடைய படத்தை வைத்தோம். படத்துக்கு முன்னால் தலைவாழையிலை போட்டு, பூசணிக்காய்க் கறி, வடை, பாயசம் என்று அவருக்குப் பிடித்ததெல்லாம் படைத்தோம். ரெக்ஸ்டேலில் இருந்தும் அஜக்ஸில் இருந்தும் சனம் வந்தது. நான் பரிமாற நின்றேன். மற்றவர்கள் இருக்கச் சொன்னார்கள், என்னால் இருக்க முடியவில்லை.

மகளைக் காணவில்லை. வாசலில் நின்றாள். வருகிற ஒவ்வொருவரையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பா செத்துப்போனார் என்று அவளுக்குச் சொல்லியிருந்தோம். ஓம் என்று தலையாட்டிவிட்டுக் கார்ட்டூன் பார்க்கப் போனவள் அவள். நான் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தபோது, “எல்லாரும் வந்திட்டினம். அப்பா இன்னும் வரேல்லை” என்றாள்.

மண்டபத்து நடுவில் குந்திக்கொண்டு அவளுக்குத் திரும்பவும் சொன்னேன். அப்பா வரமாட்டார் குஞ்சு, இனி ஒருநாளும் வரமாட்டார் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். வரிசை வரிசையாக இருந்து சாப்பிடுகிற சனத்தைப் பார்த்தாள். படத்துக்கு முன்னால் இருந்த இலையைப் பார்த்தாள்.

“அப்ப ஏன் எல்லாரும் சாப்பிடினம்?”

எனக்குச் சொல்ல வந்தது ஒன்றுதான். நாங்கள் சாப்பிட்டால்தான் அப்பாவுக்குப் பசிக்காது என்றேன். எங்களில் அப்படித்தானே சொல்கிறோம்.

அவள் போய் ஒரு கதிரையில் ஏறி இருந்தாள். முதலாளியம்மா அவளுக்கு ஒரு தட்டில் சோறு போட்டுக் கொடுத்தார். வீட்டில் மூன்று வாய் சோறு தீத்த ஒரு மணித்தியாலம் கெஞ்ச வைக்கிற பிள்ளை அவள். ஒரு சோறு விடாமல் சாப்பிட்டு முடித்தாள். இன்னும் கேட்டாள். அதையும் சாப்பிட்டாள். பூசணிக்காய் அவளுக்குப் பிடிக்காது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அதையும் விழுங்கினாள். மூன்றாம் தரம் தட்டை நீட்டியபோது முதலாளியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஓடிப்போய்த் தட்டைப் பிடித்தேன். பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. சட்டைக்குள் வயிறு முட்டிக்கொண்டு நின்றது. கண்ணில் தண்ணி.

“இப்ப காணுமோ அம்மா அப்பாக்கு?”

காணும் குஞ்சு, அப்பாவுக்குக் காணும் என்றேன்.